தண்ணீர் பார்க்கப் போன குடும்பங்கள்

காரியாபட்டிப் பக்கம் அறுபதைத் தாண்டிய ஒரு தம்பதியிடம், எங்கெங்கே போய்ச் சுற்றிப் பார்த்தீர்கள் என்று கேட்டால் வருகிற ஊர்ப்பெயர்கள் வீட்டுக்கு வீடு அதிகம் மாறுவதில்லை. குற்றாலம், வைகை அணை, ராமேசுவரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி, கொடைக்கானல். கையில் நாலு காசு இருந்தவர்கள் தேக்கடியையும் சேர்த்துச் சொல்வார்கள். கோயில், மலை, கடல் என்று கலந்துகிடப்பது போலத் தெரியும் இந்தப் பட்டியலுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அத்தனையும் தண்ணீர் இருக்கும் இடங்கள். அருவி, அணை, ஏரி, கடல். சாமி கும்பிடப் போன இடத்திலும் கதை அதுதான். ராமேசுவரத்தில் கடலில் முங்கிவிட்டு 22 தீர்த்தங்களில் நனைய வேண்டும். திருச்செந்தூரில் கடலும் உண்டு, அதை ஒட்டியே நாழிக்கிணறும் உண்டு.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகும் சாலையில் இருக்கிறது காரியாபட்டி. ரயில் கிடையாது. பக்கத்தில் ஓடுவதாகச் சொல்லப்படும் குண்டாறு, வருசத்தில் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும். விவசாயம் கண்மாயை நம்பி, கண்மாய் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடக்கும் பூமி என்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கே வந்து சேர்வதில்லை. காற்று மட்டும் வரும். ஆடி மாதத்தில் இந்தப் பக்கம் புழுதியை வாரித் தூற்றும் அதே காற்று, செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி வருகிற இடத்தில் குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. வேனில் ஏறினால் நாலு மணி நேரத்தில் போய்விடலாம். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021இல் அடிக்கல் நாட்டினார்கள். காவிரித் தண்ணீரைக் காணவேண்டுமானால் இன்றைக்கும் இங்குள்ளவர்கள் திருச்சிக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

சுற்றுலாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஓய்வின் வரலாறாகவோ போக்குவரத்தின் வரலாறாகவோ எழுதுவது வழக்கம். இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை அதை நிலத்திலிருந்தும் வேலையிலிருந்தும் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கே போவது என்பதை வறண்ட நிலம் முடிவு செய்தது. எப்போது போவது என்பதை வேலை முடிவு செய்தது. இந்த இரண்டும் போக மிஞ்சிய இடுக்கில்தான் கணவனும் மனைவியும் ஒன்றாக எங்காவது போய்வந்த நினைவு உட்கார்ந்திருக்கிறது.

வேலை என்றால் இந்த விருதுநகர் மாவட்டத்தில் முதலில் வருவது சிவகாசி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அதன்பின் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்து, சுற்றியுள்ள கிராமங்களின் நாள்காட்டியையே மாற்றின. ஊரெல்லாம் கொண்டாடும் தீபாவளி, பட்டாசுத் தொழிலாளிக்கு வேலை முடிகிற நாள். அதற்கு முந்தைய மாதங்களில் லீவு என்ற பேச்சே எடுக்க முடியாது. போனஸ் கைக்கு வந்து, ஆலைகள் மூடி, பிறகு நல்ல நாள் பார்த்துப் பூசை போட்டுத் திறக்கிற வரைக்கும் கிடைக்கிற இடைவெளிதான் குடும்பத்துக்கு. கையில் பணமும் காலில் ஓய்வும் சேர்ந்து வருகிற ஒரே பருவம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பருவம் வடகிழக்குப் பருவமழைக் காலம். குற்றாலத்தில் சாரல் சீசன் ஜூனில் தொடங்கி ஆகஸ்டு, செப்டம்பரோடு முடிந்துபோகும். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் அருவியில் வெள்ளம் பாறை தெரியாமல் கொட்டும், போலீசு கயிறு கட்டிக் குளிக்கத் தடை போடும். ஆடிச் சாரலில் மற்றவர்கள் குளித்துவிட்டு வந்தபோது இவர்கள் மருந்து செலுத்திக்கொண்டும் திரி வைத்துக்கொண்டும் இருந்தார்கள். இவர்கள் போகும்போது அருவியைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். கார்த்திகை பிறந்துவிட்டாலோ குற்றாலம் முழுக்க ஐயப்ப சாமிகள். பல சிவகாசிக் குடும்பங்களின் குற்றால நினைவில் குளித்ததைவிட, குளிக்க முடியாமல் அல்வாவும் சிப்சும் வாங்கிக்கொண்டு வந்ததுதான் அதிகம்.

சிவகாசியின் பங்குனி, சித்திரைப் பொங்கல் நாட்களில் கிடைக்கும் விடுப்பு இன்னொரு வாய்ப்பு. காரியாபட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்கோ மாசி, பங்குனிதான் சாவகாசமான காலம். வெள்ளாமை வீடு வந்து சேர்ந்திருக்கும், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியப் போகும். வாத்தியார் வீடுகள் மே மாதத்தில் புறப்பட்டன. ஒரே தெருவில் மூன்று வீடுகளுக்கு மூன்று சுற்றுலாக் காலம் இருந்தது.

மதுரை வட்டாரத்து மக்கள் ஊர் பார்க்கக் கிளம்புவது புதிய பழக்கமில்லை. சங்க நூலான பரிபாடலில் இன்று முழுதாகக் கிடைக்கும் 22 பாடல்களில் எட்டு முருகனுக்கும் எட்டு வையை ஆற்றுக்கும் உரியவை. 1918இல் உ. வே. சாமிநாதையர் அதைப் பதிப்பித்தபோது தமிழருக்குத் திரும்பக் கிடைத்தவற்றில், ஒரு சுற்றுலாவின் முழு விவரமும் அடக்கம். நப்பண்ணனார் பாடிய 19ஆம் பாடலில் மதுரைச் சனம் திருப்பரங்குன்றத்துக்குத் திரண்டு போகிறது. பாண்டியன் மனைவியரோடும் சுற்றத்தோடும் வருகிறான். வழியெல்லாம் தேரும் குதிரையுமாக நெரிசல். மேலே போனவர்களில் சிலர் குரங்குக்குத் தின்பண்டம் போடுகிறார்கள், சிலர் கரும்பை நீட்டுகிறார்கள். ஓவியம் எழுதிய மண்டபத்தில், இது யார் அது யார் என்று கேட்பவர்களுக்கு உடன் வந்தவர்கள், இவள் ரதி, இவன் மன்மதன், பூனையாக ஓடுகிறவன் இந்திரன், இவள் அகலிகை என்று காட்டிச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு சிறு பெண் சொந்தக்காரர்களை விட்டுவிட்டுப் பாறைகளுக்கிடையில் வழி தவறுகிறாள். கூவி அழைக்கிறாள். குகை அவள் குரலையே திருப்பிக் கொடுக்க, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அந்தப் பக்கம் போய் ஏமாறுகிறாள்.

அந்தத் திருப்பரங்குன்றம் காரியாபட்டியிலிருந்து ஒருநாளில் போய்வருகிற தூரம். குரங்குக்குக் கடலை போட்டது, பிள்ளை காணாமல் போய்க் கிடைத்தது, பெரியவர் ஒருவர் சிலையைக் காட்டிக் கதை சொன்னது என்று இன்றைய குடும்பங்கள் சொல்கிற எதுவும் அதில் விட்டுப்போகவில்லை. சண்டையும் விட்டுப்போகவில்லை. 20ஆம் பாடலில் வையைப் புதுவெள்ளம் பார்க்க வந்த கூட்டத்துக்குள், காணாமல் போன தன் நகை இன்னொருத்தி மேல் கிடப்பதை மனைவி பார்த்துவிடுகிறாள். ஆற்றங்கரையில் நடக்கும் அந்த வழக்கு, வெளியூர் போன இடத்தில் தம்பதியர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்ட கதைகளுக்கெல்லாம் மூத்தது.

பரிபாடல் காட்டுவதுபோல இணையாகப் போவது, இடையில் வந்த நூற்றாண்டுகளில் சாதாரணக் குடும்பங்களுக்கு அவ்வளவு எளிதாக இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் பாட்டிமார் தலைமுறையில் புதுசாகக் கல்யாணமான பெண்ணும் மாப்பிள்ளையும் போன முதல் பயணம் குலதெய்வத்துக்கு. அடுத்தது விருந்து. சித்தி வீடு, மாமா வீடு, ஒன்றுவிட்ட அத்தை வீடு என்று உறவு வீடுகளுக்கு அழைப்பின் பேரில் போய்க் கறிச்சோறு தின்று வேட்டி சேலை வாங்கி வருவதுதான் அவர்களுடைய உல்லாசப் பயணம். அதிலும் துணைக்கு ஒரு கொழுந்தனோ கொழுந்தியாளோ ஒட்டிக்கொண்டு வரும். ஆடி பிறந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் புதுத் தம்பதி பிரிந்திருப்பார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், வழக்கம் எவ்வளவு கணக்காகக் காரியம் பார்த்திருக்கிறது என்பது விளங்கும்.

தேனிலவு என்பது திரையரங்கு வழியாக வந்த சரக்கு. ஸ்ரீதரின் ‘தேனிலவு’ 1961இல் காஷ்மீரைக் காட்டியது. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ‘காதலிக்க நேரமில்லை’ ஆழியாறு அணைப் பக்கத்தைக் காட்டியது. காஷ்மீர் எட்டாத தூரம், அணை எட்டும் தூரம். ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை 1959இல் திறக்கப்பட்டு, அதன் இரு கரையிலும் பூங்கா அமைந்தபோது, மதுரையைச் சுற்றியுள்ளவர்களுக்குப் பாட்டுக் காட்சியில் பார்த்த இடம் மாதிரி ஒன்று கைக்கு வந்தது. பாசனத்துக்குக் கட்டின அணையைத் தமிழ்க் குடும்பங்கள் உல்லாசத்துக்கும் எடுத்துக்கொண்டன. வைகைத் தண்ணீர் மதுரைக்கும் கிழக்கே ராமநாதபுரத்துக்கும் போகிறது. காரியாபட்டிக் குண்டாற்றுப் படுகைக்காரர்கள் பஸ் பிடித்துப் போய், மதகில் அது விழுவதைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

தம்பதியாகப் போனாலும் இடம் அவர்களைத் தம்பதியாக இருக்க விட்டதா என்பது வேறு கேள்வி. குற்றாலம் பேரருவியிலும் ஐந்தருவியிலும் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். இருவரும் ஒரே நேரத்தில் குளிக்கலாம், ஒரே இடத்தில் முடியாது. பெரும்பாலும் ஒரே நேரத்திலும் முடியாது. துணிப்பை, செருப்பு, கழற்றிய வாட்ச், கைக்குழந்தை இவ்வளவையும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமே. கணவன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஈரத் துண்டோடு பாறையில் உட்கார்ந்திருக்க, மனைவி இந்தப் பக்கம் பையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அவர் வந்ததும் இவள் போவாள். அதற்குள் பிள்ளை அழும், பாதிக் குளியலில் திரும்புவாள். குற்றாலத்தைப் பற்றிப் பெண்களிடம் கேட்டால் அருவியின் உயரத்தைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. யார் பை பார்த்தது என்பதிலிருந்துதான் கதை தொடங்கும்.

ராமேசுவரத்தில் நேர்மாறு. அக்னி தீர்த்தக் கடலில் தம்பதியாகக் கைபிடித்து முங்குவது சடங்கு. மாமியார், மச்சான், பெற்ற பிள்ளைகள் எல்லோரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது கணவன் மனைவி கையைப் பிடிக்கலாம். பிடிக்காவிட்டால்தான் தப்பு. தெருவில் ஆறடி முன்னே நடந்து போகும் ஆண்கள் அங்கே அலைக்குப் பயப்படும் மனைவியை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். பிறகு கோயிலுக்குள் ஈரச் சேலையோடும் ஈர வேட்டியோடும் கிணறு கிணறாக ஓடி, மேலே நின்று ஒருவர் இறைத்து ஊற்றும் வாளித் தண்ணீரில் நனைந்து நடுங்குவார்கள். நான் விசாரித்த பழைய தம்பதியரில் ராமேசுவரத்தைச் சிரிக்காமல் சொன்னவர்கள் குறைவு. ஆன்மிகம் அந்தச் சிரிப்புக்குக் குறுக்கே நிற்கவில்லை.

அங்கிருந்து தனுஷ்கோடிக்குப் போனால் இன்னொன்றும் தெரியும். பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறந்த பிறகு சென்னையிலிருந்து வரும் போட் மெயில் தனுஷ்கோடித் துறை வரை போய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் வழி இருந்தது. 1964 டிசம்பர் 22, 23 புயல் அந்த ஊரையே வாரிக்கொண்டு போனது. அதற்கு முன் போன தாத்தாவுக்குத் தனுஷ்கோடி என்றால் ஸ்டேஷனும் கப்பலும். எண்பதுகளில் போன மகனுக்கு அது இடிந்த தேவாலயம், மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் இரைந்துகொண்டு போகும் வேன். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு போன பேரனுக்கு அது கார் நிறுத்துகிற இடம். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் ஒரே இடத்துக்குப் போய் மூன்று ஊர்களைப் பார்த்திருக்கிறார்கள். மூவரும் உட்கார்ந்து பேசினால் தாத்தா பொய் சொல்வதாகப் பேரன் நினைப்பான்.

வண்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணங்களைச் சொல்ல முடியாது. கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று பெயரெடுத்த டிவிஎஸ் பஸ்கள் மதுரைச் சாலைகளில் ஓடிய காலம் முடிந்து, 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பஸ்ஸில் போனால் பத்துப் பேர் சேர்ந்து உட்கார முடியாது. எண்பதுகளில் மெட்டாடோர் வேன் வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கியதும் சுற்றுலாவின் கணக்கே மாறிப்போனது. பன்னிரண்டு பேருக்கான வண்டியில் பெரியவர்கள் பதினாறு, மடியில் பிள்ளைகள் கணக்கில் கிடையாது. வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால் தலைகள் வேண்டும். இருவராகப் போக ஆசைப்பட்ட தம்பதி, செலவுக்குப் பயந்து அண்ணன் குடும்பத்தைச் சேர்க்க, மதினி தன் தங்கச்சியைச் சேர்க்க, கடைசியில் சம்பந்தி வீட்டு ஆச்சி வரை ஏறிவிடுவார்கள். தம்பதிச் சுற்றுலா குடும்பச் சுற்றுலாவாக ஆனதற்குப் பாசம் ஒரு காரணம், டீசல் இன்னொரு காரணம்.

முதல்நாள் ராத்திரி பெண்கள் தூங்குவதில்லை. புளிக்காய்ச்சல் சாயங்காலமே இறக்கி ஆறவைத்திருப்பார்கள். நள்ளிரவுக்கு மேல் சோறு வடித்து, பெரிய தாம்பாளத்தில் கொட்டி நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறுவார்கள். இட்லியை இரண்டு பக்கமும் மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் தடவித் தூக்குவாளியில் அடுக்குவார்கள். தயிர்ச்சோறு புளித்துவிடாமல் இருக்கப் பால் அதிகமும் தயிர் கொஞ்சமுமாக விட்டுப் பிசைய வேண்டும், மத்தியானத்துக்குள் அது தானாகத் தயிராகிவிடும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வதக்கல், துவையல். வாந்தி எடுக்கிறவர்களுக்கு எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் பை. விடிகாலை நாலு மணிக்கு டிரைவர் ஆரன் அடிக்கும்போது ஆண்கள் குளித்துத் திருநீறு பூசித் தயாராக நிற்பார்கள். அடுப்படியைக் கழுவிவிட்டுக் கடைசியாக ஏறுகிறவளுக்கு ஜன்னலோரம் கிடைக்காது. மதியம் ரோட்டோரப் புளியமரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்ததும் பரிமாறுவதும் அவளே.

பெண்கள் தாங்களே ஊர் பார்க்கப் புறப்படுவதற்கு இன்னொரு கதவு திறந்தது. சபரிமலைப் பயணம் பெரும்பாலும் ஆண்களுடையதாக இருந்தபோது, மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி கோயிலுக்குச் சிவப்புச் சேலை கட்டி, சக்தி மாலை போட்டு, இருமுடி எடுத்து ஊர் ஊராகப் பெண்கள் பஸ் பிடித்துப் போனார்கள். கருவறைக்குள் தாங்களே போய்ப் பூசை செய்யலாம் என்பது அந்தக் கோயிலின் ஈர்ப்பு. போகிற வழியில் ஸ்ரீரங்கம், திரும்புகிற வழியில் மாமல்லபுரம், பாண்டிச்சேரிக் கடற்கரை. அதைச் சுற்றுலா என்று யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. தென்மாவட்டத்துப் பெண்கள் பலர் கணவன் இல்லாமல், சமைக்காமல், ஒத்த வயதுக்காரிகளோடு கடலைப் பார்த்தது அப்போதுதான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதை இதன் தொடர்ச்சியாகப் பார்க்கலாம். மீனாட்சி கோயிலுக்கும் மகாலுக்கும் போய்வரப் புருசனிடம் காசு கேட்க வேண்டியதில்லை.

இவ்வளவும் எப்படி நினைவில் தங்குகிறது? எனக்குத் தெரிந்த ஒரு வயதான தம்பதியிடம், வைகை அணைக்குப் போனது எந்த வருசம் என்று கேட்டேன்.

“பாண்டியன் பஸ் விட்ட புதுசு” என்றார் கணவர்.

“இல்லீங்க. மூத்தவ கைக்குழந்தை. பாலுக்கு அழுதப்ப டீக்கடைக்காரர் சுடுதண்ணி குடுத்தாரே.”

“அட ஆமா. அந்தக் கடைக்குப் பக்கத்துல மீன் பொரிச்சுக்கிட்டு இருந்தாங்க.”

“மீனை நீங்கதான் தின்னீங்க. எனக்கு வெள்ளிக்கிழமை விரதம்.”

“வெள்ளிக்கிழமையா? அப்ப நான் எப்படி லீவு போட்டேன்? ஓகோ, அன்னைக்கு ஸ்டிரைக்கு!”

இருவரில் யாருக்கும் தனியாக அந்த நாள் முழுதாகத் தெரியாது. அவரிடம் பஸ்ஸும் மீனும் ஸ்டிரைக்கும் இருந்தன. அவரிடம் இல்லாத குழந்தையும் சுடுதண்ணியும் கிழமையும் அந்த அம்மாவிடம் இருந்தன. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் இதைப் பகிர்ந்த நினைவு என்ற கருத்தாக வளர்த்தார். நெடுநாள் பழகியவர்கள், எதை யார் நினைவில் வைப்பது என்பதைப் பேசாமலே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 1991இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனையில், காதல் இணைகள் முன்பின் தெரியாத இருவரைவிட நன்றாக நினைவு வைத்தார்கள். இன்னது உன் பொறுப்பு, இன்னது அவர் பொறுப்பு என்று ஆய்வாளர்கள் பிரித்துக் கொடுத்ததும், அந்த இணைகளே அந்நியர்களைவிட மோசமாகச் செய்தார்கள். அவர்களுக்குள் ஏற்கெனவே இருந்த பாகப்பிரிவினையை வெளியாள் கலைத்துவிட்டான். ஆஸ்திரேலியாவில் சீலியா ஹாரிசும் குழுவினரும் 2011இல் முதிய தம்பதியரைப் பற்றி எழுதியதும் இதற்கு அருகில் வருகிறது. சேர்ந்து பேசினால் சிலருக்கு நினைவு கூடியது, சிலருக்குக் குறைந்தது. ஒருவர் சொன்னதை மற்றவர் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற தம்பதியருக்குக் கூடியது. மறுத்துப் பேசுவதில் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உள்ள ஆர்வத்தைப் பார்த்தால், இந்த ஆய்வைக் காரியாபட்டியில் செய்திருந்தால் முடிவு இன்னும் தூக்கலாக வந்திருக்கும் என்று தோன்றுகிறது.

எல்லா ஆய்வையும் அப்படியே ஏற்க முடியவில்லை. டெரன்ஸ் மிட்செல், லீ தாம்சன் முதலானோர் 1997இல் வெளியிட்ட கட்டுரை, மனிதர்கள் பயணத்தின்போது அனுபவித்ததைவிடப் பின்னால் அதை இனிமையாக நினைக்கிறார்கள் என்கிறது. ஐரோப்பியப் பயணம், கலிபோர்னியாவில் மூன்று வார சைக்கிள் பயணம் ஆகியவற்றை வைத்துச் சொன்ன முடிவு. பாதி உண்மை. வேன் பஞ்சராகி நடுரோட்டில் நின்றது, அருவியில் செருப்பு போனது, லாட்ஜில் மூட்டைப்பூச்சி கடித்தது எல்லாம் பின்னாளில் சிரிப்புக் கதைகளாகத்தான் ஆகியிருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வில் கலந்துகொண்ட யாரும் பதினாறு பேருக்குப் புளியோதரை கிளறிவிட்டு வண்டி ஏறவில்லை. உழைப்பு மட்டும் எத்தனை வருசமானாலும் இனிப்பதில்லை. ஜன்னலோரம் கிடைக்காததை நாற்பது வருசம் கழித்தும் சிரிக்காமல் சொல்கிற பெண்களை எனக்குத் தெரியும்.

படம் என்ன செய்தது? இந்த வட்டாரத்தில் கேமரா வாத்தியார் வீட்டிலும் சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டிலும்தான் இருந்தது. எழுபதுகளில் அது பரோடாவில் செய்த அக்பா கிளிக் 3. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். இரண்டு நாள் பயணத்துக்குப் பன்னிரண்டு படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் வழக்கு நடக்கும். முதலில் எல்லோரும் சேர்ந்து ஒன்று, பெரியவர்கள் உட்கார்ந்து ஒன்று, பிள்ளைகள் ஒன்று. ஒன்பதோ பத்தோ தீர்ந்தபின் யாராவது ஒரு மதினி, “அவங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்க” என்று சொன்னால் உண்டு. அப்படி எடுத்த படங்களில் இருவருக்கும் நடுவில் ஒரு குழந்தை நிற்கும், அல்லது ஒரு குழந்தை நிற்கிற அளவுக்கு இடம் இருக்கும். அவர் கேமராவைப் பார்ப்பார். அவள் கேமராவுக்குப் பின்னால் நிற்கும் மாமியாரைப் பார்ப்பாள். கேமரா வைத்திருந்தவருடைய மனைவிதான் பாவம், அவளுக்குத் தம்பதிப் படமே கிடையாது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1965இல் புகைப்படம் பற்றிய நூலில், குடும்பம் தன்னைக் குடும்பமாக உறுதிப்படுத்திக்கொள்ளும் சடங்கு அது என்றார். தம்பதிக்குக் கிடைத்த பதினோராவது படம் அதைத்தான் சொல்கிறது.

போகாதவர்களுக்கும் படம் இருந்தது. விருதுநகரில் பங்குனிப் பொங்கலையொட்டிப் பொருட்காட்சி போடுவார்கள். அங்கே படம் எடுக்கும் கடையில் திரையில் எழுதிய ஏரியும் படகும், அட்டையில் வெட்டிய காரும் விமானமும் தயாராக இருக்கும். வேன் வாடகைக்கு வழியில்லாத தம்பதி அட்டைக்காரில் ஏறி உட்கார்ந்து எடுத்த படம், வீட்டில் கொடைக்கானல் படத்துக்கு நிகரான ஆணியில்தான் தொங்கியது. அதே சுவரில் சிவகாசியில் அச்சடித்த காலண்டர். ஆடிப் பெருக்கன்று அடுத்த வருசத்துக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடும் அந்த ஊர், முருகனோடும் லட்சுமியோடும் பனிமலையையும் பச்சைப் பள்ளத்தாக்கையும் அச்சடித்து வீடு வீடாகச் சேர்த்தது. அச்சடித்தவர்களில் பனியை நேரில் கண்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இன்று பன்னிரண்டு படம் என்ற கணக்கில்லை. கைப்பேசியைத் திருப்பிப் பிடித்தால் தம்பதி தங்களைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். மதினியின் தயவு வேண்டாம், நடுவில் குழந்தைக்கு இடம் விட்டால் இருவரும் சட்டத்துக்குள் அடங்கமாட்டார்கள். தம்பதிப் படத்தில் தோளோடு தோள் சேர்ந்ததற்குக் கைப்பேசியின் குறுகிய கோணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஆயிரக்கணக்கில் எடுத்த படங்களை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை என்பது பெரியவர்களின் குறை. ஆல்பத்தைப் புரட்டும்போது நடந்த வாக்குவாதம் நின்றுபோனதுதான் எனக்கு இழப்பாகப் படுகிறது. தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் கைப்பேசியே குறித்துவைத்திருக்கிறது. பாண்டியன் பஸ்ஸையும் கைக்குழந்தையையும் வைத்து வருசம் தேட வேண்டிய அவசியம் இல்லை.

குடும்பங்கள் போகும் விதமும் மாறிவிட்டது. காரியாபட்டியிலிருந்து நாலு பேர் ஒரு காரில் கொடைக்கானல் போய் ஓட்டலில் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள், தூக்குவாளி பரணில் கிடக்கிறது. 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் நீரைத் தேக்கி உண்டாக்கிய அங்குள்ள ஏரியைச் சுற்றி இன்று நிற்கிற வண்டிகளுக்கு மலையில் இடமில்லை. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தது. எந்த வண்டி, எத்தனை பேர், என்றைக்கு வருகிறார்கள், எத்தனை நாள் தங்குகிறார்கள் என்று விண்ணப்பிக்க வேண்டும். மலை எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று கணக்கிட அந்தத் தகவல் உதவும். சித்தியும் ஆச்சியும் மடிப்பிள்ளைகளுமாகப் பதினாறு பேரைப் பன்னிரண்டு பேர் வண்டியில் ஏற்றிக்கொண்டு நாலு மணிக்குக் கிளம்பின காலத்துக்கு அப்படி ஒரு பதிவேடும் கிடையாது. இந்த மாவட்டத்தில் வெம்பக்கோட்டையில் 2022இல் தொடங்கித் தமிழகத் தொல்லியல் துறை குழிதோண்டிச் சங்கு வளையலையும் மணிகளையும் எடுத்து வரிசைப்படுத்தியிருக்கிறது, நல்ல காரியம். அந்த வேன் பயணங்களைப் பதிந்துவைக்க நினைக்கிறவர்கள் குழி தோண்ட வேண்டியதில்லை, ஒலிப்பதிவுக் கருவி போதும். கணவனையும் மனைவியையும் தனித்தனியாக ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு சேர்த்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும். சண்டை வந்தால் சமாதானம் செய்யப் போகக் கூடாது.